வரிசையில் கடைசி ஆள்

காதைப் பிளந்துகொண்டு அபாயச் சங்கு அலறியது. அரணின் வடக்குச் சுவர் பொத்தென்று உள்ளே சரிந்தது. செம்புழுதி அடங்குவதற்குள் ஜெபசீலி துப்பாக்கியைத் தூக்கிவிட்டாள்.

புழுதிக்குள்ளிருந்து அவை வந்தன. ஏழடி உயரம், சாம்பல் தோல், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஓர் ஓடு. ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் வந்தன.

“வந்துட்டுட்டி ரேஷன் கடை வரிசை,” என்றாள் பக்கத்திலிருந்த இசக்கி. “முன்னால உள்ள ஆறை நீ பாத்துக்கோ. நான் ஒரு கொட்டாவி விட்டுட்டு வாரேன்.”

ஆறும் விழுந்தன. ஒன்றுகூட ஒதுங்கவில்லை, ஒளியவில்லை, திருப்பிச் சுடவில்லை. கைகளை நீட்டிக்கொண்டு வந்தன, விழுந்தன, கரைந்தன.

இசக்கி கண்ணாடியைக் கழற்றி நெற்றிமேல் ஏற்றிக்கொண்டாள். அரணும் புழுதியும் அந்தக் கண்ணாடிக்குள் மட்டும்தான். வெளியே வண்ணார்பேட்டையில் ஓர் இரண்டாவது மாடி வீடு, சனிக்கிழமை மாலை நாலு மணி, சோபாவில் கையுறை மாட்டிய இரண்டு பெண்கள், நடுவில் ஒரு தட்டு மிக்சர்.

‘செவ்வரண்’ என்ற அந்த விளையாட்டுக்காக இசக்கியம்மாள் இரண்டு வருஷம் காத்திருந்தாள். இருவர் சேர்ந்தால்தான் ஆட முடியும் என்பதால் சிநேகிதியையும் இழுத்துவந்து உட்கார வைத்திருந்தாள். ‘எங்கள் வேற்றுக்கிரகவாசி ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மூளை உண்டு!’ என்று 2047ஆம் வருஷம் முழுக்க விளம்பரம் செய்திருந்தார்கள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறவள் அதை நம்பிவிட்டாள். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமும் ஒரே வரிசை, ஒரே சாவு.

“மூளையாம் மூளை! என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல தூங்குத பயலுவளுக்கு இருக்குதது கூட இதுகளுக்கு இல்ல.”

“அப்ப நிறுத்திருவோம்ட்டி.”

“நிறுத்தினா நீ திங்கக்கிழமைய நெனச்சு நகத்தக் கடிக்க ஆரம்பிப்ப. பேசாம ஆடு.”

அது உண்மை. ஜெபசீலி பாளையங்கோட்டைக்கு வெளியே ‘நிழற்குடை’ என்ற நீள்பராமரிப்பு இல்லத்தில் பிசியோதெரபிஸ்ட். விபத்தில் நினைவிழந்து மீளாத இருபத்தாறு பேர் அங்கே ஒரே கூடத்தில் கிடக்கிறார்கள். தினமும் காலையில் அவர்களுடைய கைகால்களை மடக்கி நீட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டாம் கட்டிலில் இருப்பவனுக்குப் பெயர் தெரியாது. நாற்கரச் சாலையோரம் கிடந்தவன், சொந்தக்காரர்கள் என்று யாரும் வரவில்லை. திங்கட்கிழமை மருத்துவக் குழு வருகிறது. ‘உணர்வில்லை’ என்ற முத்திரை அவன் கோப்பில் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்தாயிற்று. மூன்றாவதும் விழுந்தால் சட்டப்படி அவனுக்கு இனிப் பரிசோதனையே கிடையாது. பிசியோதெரபியும் கிடையாது. மூச்சு நிற்கும்வரை இல்லத்துச் சொத்து மாதிரி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அவனுக்கு உணர்வு இருக்கிறது என்று ஜெபசீலிக்கு ஒரு நினைப்பு. அது வெறும் நினைப்புதான், காட்டுவதற்கு எதுவும் அவளிடம் இல்லை.

“நாலாவது கட்டம்,” என்று இசக்கி மறுபடியும் கண்ணாடியை இறக்கினாள். “இந்தத் தடவ கடைசி ஆள் உனக்கு.”

நீளமான நடை ஒன்று. அதன் மறுகோடியிலிருந்து வரிசை வந்தது, விழுந்தது. கடைசி ஆள் மட்டும் தன் முறைக்காகத் தள்ளி நின்றது. ஜெபசீலி குறிவைத்தாள்.

அதன் இடது மணிக்கட்டு மடங்கியது. நீண்டது. மறுபடி மடங்கியது.

“சுடுட்டி!”

“பொறு.”

“என்னத்தப் பொறுக்க? சுளுக்கு எடுத்துக்கிட்டு நிக்கி, பாவம்னு விட்டுருவியா?”

ஜெபசீலி எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. அவள் எதிர்பார்த்தபடியே அது இன்னொன்றும் செய்தது. பதினொன்று. பிறகு இடது முழங்கையை மடக்கத் தொடங்கியது.

துப்பாக்கி தாழ்ந்தது. சாம்பல் உருவம் மெல்ல நடந்துவந்து அவளைத் தொட்டது. திரை சிவந்து அவளுடைய ஆட்டம் முடிந்தது.

“என்ன செஞ்ச நீ? ஜெயிக்கிற ஆட்டத்த...” என்று திரும்பிய இசக்கி நிறுத்திக்கொண்டாள். ஜெபசீலி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் இடது மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இசக்கி, அது நான் செய்யுத எக்சர்சைஸ்.”

“எல்லா பிசியோவும் செய்யுததுதான?”

“எல்லாரும் பத்து தடவ செய்வாங்க. நான் மட்டுந்தான் பதினொண்ணு.”

அது சிறுவயதிலேயே ஒட்டிக்கொண்ட தப்பு. திசையன்விளையில் அவள் அப்பா அரிசிக்கடை வைத்திருந்தார். படியால் அளக்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார். முதல் படியை ‘லாபம்’ என்பார், அடுத்தது இரண்டு. பக்கத்தில் நின்று கேட்டுப் பழகிய மகளோ லாபம் என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஒன்றிலிருந்து எண்ணுவாள். அவளுடைய பத்து இன்றுவரை பதினொன்றுதான்.

“சரி, பதினொண்ணு. உன் கையில இருபத்தாறு பேர் இருக்காங்கல்லா?”

“மத்தவங்களுக்கெல்லாம் வலது கையில ஆரம்பிப்பேன். இருபத்திரண்டாம் கட்டில் ஆளு வந்து சேரும்போது வலது கையில மாவுக்கட்டு. அதனால அவனுக்கு மட்டும் இடதுல ஆரம்பிச்சு, அப்படியே பழகிப்போச்சு.”

இசக்கி கையுறைகளைக் கழற்றினாள். அவள் யோசிக்கும்போது கைகள் சும்மா இருக்க வேண்டும்.

“உங்க இல்லத்துல அவங்க தலைக்குள்ள ஏதோ வலை வச்சிருக்குன்னு சொன்னேல்லா?”

“எல்லாருக்கும் இருக்கு. மூளையத் தூண்டுததுக்கு. காலையில பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும், சாயங்காலம் மூணுல இருந்து ஆறு வரைக்கும் பச்ச லைட்டு எரியும். காட்சிப் பயிற்சின்னு பேரு.”

“இந்த ஆட்டம் என்னைக்காவது காலையில எட்டு மணிக்குத் திறந்திருக்கா? நானும் பாத்துட்டேன், பத்துல இருந்து ஒண்ணு, மூணுல இருந்து ஆறு. சர்வர் பராமரிப்புன்னு சாக்கு சொன்னானுவ.” இசக்கியின் குரல் இறங்கியது. “விளம்பரம் பொய் சொல்லலட்டி. ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா மூளை இருக்கு.”

“ஆனா அவன் கை அசையவே இல்லயே! மூணு வருசமா நான் பாக்கேன். ஒரு விரல்கூட...”

“எப்படி அசையும்? குழாய்த் தண்ணிய வழியில ஒருத்தன் மோட்டார் போட்டு உறிஞ்சினா கடைசி வீட்டுக்குச் சொட்டு வருமா? மடங்குன்னு மூளை சொல்லுது. அந்த வலை ராத்திரி பகலா அத நடுவுலயே பிடிச்சுருது, ஆட்டம் ஓடும்போது இங்க அனுப்பிருது. கைக்கு ஒண்ணும் போய்ச் சேரல. டாக்டர் வந்து கையத் தூக்குன்னு சொல்லுதாங்க, அவனும் தூக்குதான். ஆனா தூக்குன கை இந்த அரணுக்குள்ளல்லா இருக்கு!”

“வலைய அணைச்சுட்டா?”

“உடனே வராதுட்டி. மூணு வருசமா தண்ணியே போகாத குழாய்.”

ஜெபசீலி மிக்சர் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அவுகளுக்கு நாம எப்படித் தெரிவோம்?” என்று கேட்டாள் ஜெபசீலி.

“உங்க பயிற்சி அட்டையில என்ன போட்டிருக்கு?”

“வெளிச்சத்தை நோக்கி நட, வெளிச்சத்தைத் தொடு.”

கேட்டுவிட்டு இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொடுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு வந்தவர்களைத்தான் மூன்று வாரமாகக் கொட்டாவி விட்டபடி சுட்டிருக்கிறார்கள். விளையாட்டின் பதிவேட்டில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஓர் எண் இருந்தது. கடைசி ஆளை இவர்கள் இருவரும் சேர்ந்து வீழ்த்தியது நாற்பத்தொன்பது முறை.

“இனி இந்தக் கண்ணாடியத் தொடமாட்டேன்,” என்றாள் இசக்கி.

“தொடணும். திங்கக்கிழமை வரைக்கும் தொடணும்.”

“போலீசுக்குப் போவோம்ட்டி.”

“போயி? வேற்றுக்கிரகவாசி எக்சர்சைஸ் பண்ணுது, வந்து பாருங்கன்னு சொல்லவா? முதல்ல அது அவன்தான்னு நமக்கே நிச்சயமாகணும். நாளைக்குக் காலையில எனக்கு டியூட்டி இருக்கு.”

ஞாயிறு காலை, இருபத்திரண்டாம் கட்டில். மெலிந்த முகம், மூடாத கண்கள், காதோரம் சின்னப் பச்சை விளக்கு. ஜெபசீலி வழக்கம்போல இடது மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தாள். லாபம், ஒண்ணு, ரெண்டு. முடித்ததும், இதுவரை யாருக்கும் செய்யாத ஒன்றைச் செய்தாள். அவன் கட்டைவிரலைப் பிடித்து உள்ளங்கைக்குள் மூன்று முறை மடக்கினாள்.

“தம்பி, இது புதுசு,” என்று காதருகே குனிந்து சொன்னாள். “இன்னைக்குச் சாயங்காலம் எனக்குச் செஞ்சு காட்டுங்க. நான் சுடமாட்டேன்.”

“யார்கிட்டம்மா பேச்சு?”

பின்னால் மேலாளர் நல்லபெருமாள். சத்தமே இல்லாமல் நடக்கிற மனிதர்.

“பேஷண்ட்கிட்ட சார்.”

“நல்ல மனசு உங்களுக்கு.” சிரித்தார். “அட்டையில பத்துன்னு இருக்கு, நீங்க பதினொண்ணு செய்றீங்க. இருபத்தாறு பேருக்கு ஒண்ணு ஒண்ணு கூடினா எவ்வளவு நேரம் போவுது பாருங்க. பரவாயில்ல, நாளையில இருந்து இந்தக் கட்டில் உங்களுக்குக் கிடையாது.”

“நாளைக்குக் குழு வந்து பாத்த பெறகுதான சார் அது முடிவாகும்?”

“குழு என்னம்மா புதுசா பாத்துரப் போகுது?” என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சத்தமில்லாமல் போனார்.

அன்று மூன்று மணிக்கு இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நடுவில் மிக்சர் தட்டு இல்லை.

சுடாமல் ஆடுவது சுடுவதைவிடப் பலமடங்கு கஷ்டமாக இருந்தது. ஆறு நிமிஷத்துக்குள் யாரையும் வீழ்த்தாவிட்டால் அரண் வெடித்து ஆட்டம் முடிந்துவிடும். அதற்கு முன்பே வரிசை வந்து இருவரையும் தொட்டுவிடும். கடைசி ஆளை எப்படித் தனியாகப் பிரிப்பது? பத்து முறை தோற்றபின் இசக்கி வழி கண்டுபிடித்தாள். நடையின் நடுவில் ஒரு கம்பிக் கதவு இருந்தது. சுவரிலுள்ள விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது மேலே நிற்கும், விட்டால் விழும். ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் விசையோடு நின்று வரிசையைத் தன்னிடம் இழுக்க வேண்டும். இருபத்தைந்து பேரும் கதவைத் தாண்டியதும் விசையை விட வேண்டும். கடைசி ஆள் இந்தப் பக்கம், இன்னொருத்தியோடு தங்கிவிடும்.

“அந்தப் பக்கம் நிக்கிறவ கதி?” என்று கேட்டாள் ஜெபசீலி.

“அம்புட்டு பேரும் தொட்டு கீழ விழுந்து கிடப்பா. நான் வந்து தூக்கினா எந்திரிக்கலாம். ஆனா நான் வரமாட்டேன்.”

“சிநேகிதின்னா இப்படில்லா இருக்கணும். சரி, நானே நிக்கேன்.”

பத்தொன்பதாவது முறை சரியாக வந்தது. கம்பிக் கதவு தடாலென்று விழுந்தது. ஜெபசீலியின் திரை சிவந்து, அவள் உருவம் தரையில் சாய்ந்தது. கிடந்தபடி கம்பி வழியாகப் பார்த்தாள். இசக்கி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றாள். கடைசி ஆள் அவளுக்கு நாலடி தள்ளி நின்றது.

இடது மணிக்கட்டு, பதினொரு முறை. பிறகு அந்தச் சாம்பல் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.

“சீலி,” என்றாள் இசக்கி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்? சொல்லு, நான் லீவு போடுதேன்.”

ஆதரவற்ற நோயாளியின் சார்பில் வெளியாள் ஒருவர் சாட்சியாக வரலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. நிழற்குடை வரலாற்றில் அப்படி யாரும் வந்ததில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு வரவேற்பில் இசக்கியம்மாள் கையெழுத்துப் போட்டபோது, அந்த நோட்டையே அவர்கள் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

குழுத் தலைவர் டாக்டர் மெஹர்பானு. அறுபதை நெருங்கியவர், கறாரானவர். ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கண்ணில் வெளிச்சம் அடித்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கையை அசைக்கச் சொன்னார், முத்திரை குத்தினார். பதினொரு மணிக்குள் இருபத்தைந்து கட்டில்கள் முடிந்துவிட்டன. ஆதரவற்றவர் எப்போதும் கடைசி.

இருபத்திரண்டாம் கட்டிலருகே இரண்டு பெண்கள் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மருந்து வைக்கும் மேசைமேல் ஒரு டேப்லெட், அதில் இசக்கியின் கண்ணாடிக்குள் தெரியும் செம்புழுதி.

“என்னது இது?” நல்லபெருமாளுக்கு முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. “இது ஆஸ்பத்திரியா, வீடியோ கேம் கடையா?”

“அதைக் கேக்கத்தான் சார் நாங்களும் வந்திருக்கோம்,” என்றாள் ஜெபசீலி.

“டாக்டர், இந்தம்மா ஸ்டாஃப். இப்பவே சஸ்பெண்ட் பண்றேன். யாருப்பா அங்க, அந்த மெஷின அணைங்க!”

டாக்டர் கையை உயர்த்தினார். “நான் முத்திரை குத்துற வரைக்கும் இந்தக் கூடத்துல யாரும் எதையும் தொடக் கூடாது. சாட்சிக்கு எவ்வளவு நேரம் வேணும்?”

“ஆறு நிமிஷம் மேடம்,” என்றாள் இசக்கி. “இப்ப ஆரம்பிச்சுட்டு.”

சங்கு அலறியது. ஜெபசீலி கதவுக்கு அந்தப் பக்கம் விசையைப் பிடித்தாள். வரிசை வந்தது. மூன்று பேர், ஏழு பேர். கை வியர்த்துக் கையுறைக்குள் வழுக்கியது. பத்தொன்பது. சீக்கிரம் விட்டால் அவனோடு இன்னொருவர் மாட்டிக்கொள்வார், தாமதித்தால் அவனும் கதவைத் தாண்டிவிடுவான். இருபத்திநாலு. இருபத்தைந்து. விட்டாள்.

கதவு விழுந்தது. அவள் திரை சிவந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். “மூணு நிமிஷம் இருக்கு டாக்டர். இவர்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு இவர் கையப் பாக்காதீங்க, டேப்லெட்டப் பாருங்க. இவர் தலையில உள்ள வலை அசைவ அங்கதான் அனுப்புது.”

டாக்டர் ஒரு நொடி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், கூடம் முழுக்கக் கேட்கும் தன் பெரிய குரலில் சொன்னார். “நான் டாக்டர் மெஹர்பானு. நான் பேசுறது கேட்டா இடது மணிக்கட்டை மடக்குங்க.”

கட்டில்மேல் கிடந்த கை கிடந்தபடியே கிடந்தது.

டேப்லெட்டில் சாம்பல் மணிக்கட்டு மடங்கியது.

“அது தானா அசையுறது டாக்டர், எப்பவும் அசையும்,” என்றார் நல்லபெருமாள் வேகமாக.

“எப்பவும் அசையும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று திரும்பாமலே கேட்டார் டாக்டர். “தம்பி, இப்போ நாலு தடவை மடக்குங்க. நாலோட நிறுத்துங்க.”

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. சாம்பல் கை தொடையோரம் இறங்கி நின்றது.

டாக்டர் மெஹர்பானு கையிலிருந்த முத்திரையை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஜெபசீலி குனிந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லபெருமாள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “டாக்டர், ஒரே ஒரு கேஸ். கருவியில ஏதோ கோளாறு. இவரை மட்டும் தனியாப் பிரிச்சு, நல்ல சிகிச்சை கொடுத்துடலாம். மத்த இருபத்தைஞ்சு பேருக்கும் நீங்களே பாத்து முத்திரை குத்திட்டீங்க. அதை ஏன் கிளறணும்?”

இசக்கி மட்டும் இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்தச் செம்புழுதிக்குள் கடைசி ஆளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கம்பிக் கதவைப் பார்த்து நின்றிருந்தாள். இன்னும் முப்பது நொடி இருந்தது.

“சீலி, மேடத்த இங்க பாக்கச் சொல்லுட்டி. கதவுக்குப் பின்னால நிக்கிற அம்புட்டு பேரும் நாலு தடவ மடக்கிட்டு, அடுத்து என்னன்னு காத்துக்கிட்டு நிக்காவ.”